காணாமல் போன 212-ஆம் தட்டு

அத்தியாயம் 6

"போலீசுக்குப் போகப் போறதில்லை. போனா அவா சிரிப்பா" என்றார் ஸ்ரீரங்கன்.

"நாங்களும் சிரிப்போம் சார். ஆனா தெருவுக்குப் போய்த்தான் சிரிப்போம்" என்றாள் ஜெசிந்தா.

துப்பறியும் கங்காதரன் தொண்டையைக் கனைத்தார். 'வந்த கிராக்கியை விரட்டாதே' என்று அதற்கு அர்த்தம். தி.நகர் ஜவுளிக்கடையில் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்திருந்தவர் அவர். படியேறுகிற தினுசைப் பார்த்தே, இந்த அம்மாள் வாங்குவாள், அந்த அம்மாள் நாற்பது புடவையைப் பிரிக்க வைத்து 'பார்டர் சரியில்லை' என்று இறங்கிப் போவாள் என்று சொல்லிவிடுவார். கடை தம்பிகளுக்குப் போனதும் அந்த வித்தையை வீணாக்க மனமில்லாமல், பாண்டி பஜாரில் ஒரு மாடி அறையைப் பிடித்துத் துப்பறிய ஆரம்பித்துவிட்டார்.

ஜெசிந்தா அவருடைய உதவியாளர். நொச்சிக்குப்பம். செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் என்றைக்குப் பிடித்தது என்று சொல்கிற வம்சம். மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பாள்.

1995, நவராத்திரி. சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள், ஞாயிறு, மத்தியானம் இரண்டு மணி. மயிலாப்பூரில் ஸ்ரீரங்கன் வீட்டுக் கூடத்தில் மூன்று சுவரை இசைத்தட்டுகள் பிடித்துக்கொண்டிருந்தன. நாலாவது சுவரை ஐந்து படிக் கொலு பிடித்துக்கொண்டிருந்தது. மனிதர்களுக்கு மிஞ்சியது ஒன்றரை அடி. அதிலும் ஒரு மேஜை. மேஜையில் கோந்து குழைத்த எவர்சில்வர் தட்டு, அட்டைகள், தட்டச்சு செய்த ஒரு கடிதம்.

"ஆயிரத்து எண்ணூத்து நாப்பத்தாறு தட்டு" என்றார் ஸ்ரீரங்கன். ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். "ஒவ்வொண்ணும் எங்க இருக்குன்னு கண்ணை மூடிண்டு சொல்லுவேன். அதுல 212 காணும். நாலு நாளாச்சு."

உள்ளேயிருந்து அவர் மனைவி கோமளம் மாமியின் குரல் வந்தது. "நாலு நாளா தட்டு தட்டுன்னு பிராணனை வாங்கறார். நான்தான் இலை போடறேனே, இலையில சாப்பிட்டா இறங்காதா?"

அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெரிய மனிதர்கள் பேசும்போது சமையலறையிலிருந்து வருகிற சத்தம் குக்கர் விசிலோடு சேர்த்தி.

"யார் மேல சந்தேகம்?" என்றார் கங்காதரன்.

ஸ்ரீரங்கன் மோவாயால் கதவோரத்தைக் காட்டினார். அங்கே இருபத்து நாலு வயதில் மஹதி என்ற பெண் நின்றிருந்தாள். நூலகப் படிப்பு படித்தவள். மூன்று மாதமாக இவருடைய தட்டுகளுக்கு எண் கொடுத்துப் பட்டியல் அட்டை போட்டுக்கொண்டிருப்பவள். அழுது முடித்து, அடுத்து கோபப்படலாமா என்று யோசிக்கிற கட்டத்தில் இருந்தாள்.

"சார், விஜயதசமியன்னிக்குக் காலம்பற ஒரு லைப்ரரியில நான் வேலைக்குச் சேரணும். இங்க ஒழுங்கா வேலை பார்த்தேன்னு மாமா எழுதிக் குடுத்தாத்தான் சேர்த்துப்பா. மாமா என்னடான்னா, நான் திருடின்னு டைப் அடிச்சு வெச்சிருக்கார்."

"கையெழுத்துப் போடலையே!" என்றார் ஸ்ரீரங்கன், பெரிய தர்மம் செய்தவர் போல. "நாளைக்கு சரஸ்வதி பூஜை. பேனாவைத் தொடப்படாது. இன்னிக்கு நாலரைக்கு ராகுகாலம். அதனால நாலு இருபத்தொம்பது வரைக்கும் டயம். தட்டு வந்தா நல்ல லெட்டர். வரலேன்னா இந்த லெட்டர்."

"பஞ்சாங்கம் பார்த்து வயித்துல அடிக்கிற ஆளை இன்னிக்குத்தான் பார்க்கறேன்" என்றாள் ஜெசிந்தா.

கங்காதரன் மறுபடி கனைத்தார். "212 என்ன தட்டு?"

ஸ்ரீரங்கனின் முகம் கோயில் பிராகாரம் போல விரிந்தது. "ஆலங்காடு சகோதரர்கள், நாதஸ்வரம். 1962. நாலே நாலு உருப்படி. போட்டதே முன்னூறு தட்டு. விஜயதசமி காலம்பற அதைத்தான் இங்க போடுவேன். முப்பது வருஷமா."

"அதே போன வருஷம் சி.டி.யா வந்தது சார்" என்றாள் மஹதி. தொழில் பேச்சு வந்ததும் அவள் அழுகை எங்கோ போய்விட்டது. "பழைய நாலு உருப்படி. அப்ப வாசிச்சு, தட்டுல இடமில்லாம விட்டுப்போன ரெண்டு உருப்படி. ஆக மொத்தம் ஆறு. அதுக்கு என்ன நம்பர் குடுக்கறதுன்னு மாமாவும் நானும் பதினெட்டு நாள் சண்டை போட்டோம்."

"புதுசா வந்தா புது நம்பர்!" என்றார் ஸ்ரீரங்கன்.

"வாசிச்சது அதே சகோதரர்கள், அதே சாயங்காலம். அதை எங்கேயோ கடைசியில கொண்டு வெச்சா அநாதையாயிடும். அதனால பழசு 212. மறுபதிப்பு 212-அ. வாசிச்ச வருஷம் 62, வந்த வருஷம் 94, ரெண்டையும் எழுதணும். எத்தனை உருப்படி கூடன்னு மறுபதிப்போட அட்டையில குறிக்கணும்."

"எங்க கடையில பழைய பட்டுக்குப் புது பார்டர் வெச்சு நெய்தா புது நம்பர்தான் போடுவோம்" என்றார் கங்காதரன் யோசனையாக. "புது விலையும்."

"நேத்து மீனை ஐஸ்ல வெச்சாலும் எங்கம்மா இன்னிக்கு மீனுன்னுதான் கூவும்" என்றாள் ஜெசிந்தா. "இந்தப் பொண்ணு சொல்றதுதான் நாணயம்."

மஹதி இழுப்பறையைத் திறந்தாள். அதன் மேல் பச்சை மையில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது: 'யார் எதை எடுத்தாலும், எங்கே போகிறது என்று அட்டையில் எழுதவும்.' உள்ளேயிருந்து 212-ஐ உருவிக் கொடுத்தாள். எல்லாம் பச்சை மை. வலது மூலையில் மட்டும் சிவப்புப் பென்சிலில் ஒரு கிறுக்கல்: கொ.2.

"இதோ சாட்சி" என்றார் ஸ்ரீரங்கன். "கொ-ன்னா கொடுத்தது. ரெண்டாந்தேதி கொடுத்தது. போன மாசம் ரெண்டாந்தேதி இவ எங்க போனா தெரியுமோ? அடையாறு. வேம்பு ஆத்துக்கு! இருபது வருஷமா என் 212 மேல கண்ணு வெச்சிண்டிருக்கான் அந்த வேம்பு."

"அவரும் அட்டை போட்டுத் தரச் சொன்னார். பார்த்துட்டு வரலாம்னு போனேன். வெறுங்கையோட போனேன், வெறுங்கையோட வந்தேன்" என்றாள் மஹதி. "அந்தப் பென்சில் என்னுதில்லை. திருடறவ அட்டையில எழுதி வெச்சுட்டா திருடுவா?"

"நீ எழுதுவே. உனக்கு அட்டைன்னா அவ்வளவு பைத்தியம்."

மஹதி இழுப்பறையில் சாய்ந்திருந்த ஓர் அட்டையை நிமிர்த்தி வைத்தாள். உண்மை அப்படி.

இதற்குள் ஜெசிந்தா கொலு முன்னால் போய் நின்றுகொண்டிருந்தாள். "சார், இங்க வாயேன். ரெண்டாம் படியில ஒரு பொம்மை கீது. அப்டியே நீதான்."

கடை விரித்து, தொப்பையை மடியில் வைத்துக்கொண்டு, செட்டியார் பொம்மை உட்கார்ந்திருந்தது. கங்காதரன் தம் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

கோமளம் மாமி சுண்டலோடு வந்தாள். "முதல் தடவை கொலுவுக்கு வந்திருக்கே. சும்மா போகப்படாது. பேரென்னம்மா?"

"ஜெசிந்தா."

மாமி கொண்டையிலிருந்து என்னவோ உருவி, ஒரு நோட்டில் குறித்துக்கொண்டாள். "யாருக்குக் குடுத்தேன், யாருக்குக் குடுக்கலேன்னு மறந்துபோறது. சாயங்காலம் வந்து தாம்பூலமும் வாங்கிக்கோ."

"ஜெசி, சுண்டல் அப்புறம். வண்டியை எடு!" என்றார் கங்காதரன்.

*

திரு.வி.க. பாலத்தில் ஜெசிந்தாவின் டி.வி.எஸ். 50, கங்காதரனின் எடையைப் பற்றி வாய்விட்டுப் புலம்பிக்கொண்டே போயிற்று.

"சார், ஒண்ணு சொல்லட்டா? அந்தப் பொண்ணு எடுக்கலே."

"ஏன்?"

"திருடின மூஞ்சி நம்ம மூஞ்சியப் பார்க்கும். அது அட்டையையே பார்த்துக்கினு நிக்குது."

காந்தி நகரில் வேம்பு கதவைத் திறந்தார். ஸ்ரீரங்கனின் கல்லூரித் தோழர், பரம வைரி, இரண்டும் அவரே. கங்காதரன் விஷயத்தைச் சொன்னதும் வேம்பு கோபப்படவில்லை. வயிறு குலுங்கச் சிரித்தார்.

"தேடுங்கோ. பரண்ல வேணும்னாலும் ஏறுங்கோ."

தேட என்ன இருக்கிறது? வீட்டில் ஒரே ஒரு அலமாரி, அது நிறைய சி.டி. கங்காதரன் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ரிக்கார்டு பிளேயர் எங்கே சார்?"

"குடுத்துட்டேன். சைதாப்பேட்டையில இனாயத்துன்னு ஒரு மெக்கானிக், ஆசையாக் கேட்டார். மறுபதிப்பு வந்துடுத்துன்னா பழசை வெளியே அனுப்பிடறதுதான் என் வழக்கம். ஒரு ஆத்துல ஒரே பாட்டுக்கு ரெண்டு தட்டு எதுக்கு?"

"இருபது வருஷமா 212 மேல உங்களுக்கு..."

"இருந்தது. போன வருஷம் சி.டி. வந்தது, ஆசை போயிடுத்து." வேம்பு அதை எடுத்துக் காட்டினார். "பழைய நாலும் இருக்கு, மேற்கொண்டு ரெண்டு. கத்திரிக்கா வாங்கினா, கேக்காமலே கறிவேப்பிலை போடற மாதிரி. ஸ்ரீரங்கன்கிட்டயும் இந்த சி.டி. இருக்கு, அவனும் இதைத்தான் கேக்கறான், ஒத்துக்க மாட்டான். அவன் தட்டைக் கேக்கறதில்லை ஐயா. எண்ணறான்."

கங்காதரன் எழுந்து நின்றார். வேட்டி முனை நாற்காலியில் மாட்டிக்கொண்டதைக்கூடக் கவனிக்கவில்லை.

"கறிவேப்பிலை! ஜெசி, காய்கறிக் கடையில அந்தக் கறிவேப்பிலைக்குப் பேரென்ன?"

"கறிவேப்பிலைதான்."

"காசு வாங்காம மேலே போடறாங்களே, அதுக்கு!"

"கொசுறு."

"கொ! ரெண்டு உருப்படி! கொ.2!" கங்காதரன் உள்ளங்கையில் குத்திக்கொண்டார். "கொடுத்தது இல்லை, தேதி இல்லை. கொசுறு ரெண்டு! இருபத்தெட்டு வருஷம் நான் போட்ட கொசுறு, இன்னிக்கு ஒரு பொண்ணைக் காப்பாத்திடுச்சு!"

"அப்ப தட்டு எங்கே?" என்றாள் ஜெசிந்தா.

"அது வழியில யோசிக்கலாம். மணி என்ன?"

"மூணே முக்கால்."

*

நாலு ஐந்துக்கு கங்காதரன் மயிலாப்பூர்க் கூடத்தின் நடுவில், அந்த ஒன்றரை அடியில், நின்றுகொண்டு விளக்கினார். கத்திரிக்காயில் ஆரம்பித்தார். கறிவேப்பிலையைத் தொட்டார். கொசுறில் முடித்தார். வேம்பு வீட்டில் பிளேயரே இல்லை என்பதைத் தாளிப்பு போல மேலே கொட்டினார்.

ஸ்ரீரங்கன் ஆடிப்போய்விட்டார். "அப்படின்னா அது கொடுத்த கணக்கில்லையா? நான்தான் அவசரப்பட்டேனா?" என்று பேனாவைத் தேடினார்.

"இல்லை சார்" என்றாள் மஹதி.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கொசுறா இருக்க முடியாது. கூடுதல் உருப்படி இருக்கறது மறுபதிப்புலதான். அதை 212-அ அட்டையில இல்ல குறிக்கணும்? இது 212. அசல் தட்டு. இதுல நாலே உருப்படி. இந்த அட்டையில கொசுறுன்னு எழுதினா அது தப்பு."

"அம்மா, உனக்காகத்தான் பேசிக்கிட்டிருக்கேன்" என்றார் கங்காதரன் பரிதாபமாக.

"தெரியும் சார். ஆனா தப்பு தப்புதானே?"

"சொந்தக் கேஸுல தானே சாட்சியை உடைக்குது பாரு! இது திருடியா இருந்தா நான் கடலையே குடிக்கறேன்" என்றாள் ஜெசிந்தா.

மஹதி அதோடு விடவில்லை. மறுபதிப்பு வந்த மற்ற தட்டுகளின் அட்டைகளை இழுத்துப் பார்த்தாள். 87: கொ.2. "இதுக்கு மறுபதிப்புல மூணு உருப்படி கூட. கொசுறுன்னா கொ.3-ன்னா இருக்கணும்?" 140: கொ.2. "இதுல கூடுதலே கிடையாது." அவள் விரல்கள் ஓடின. இருபத்து இரண்டு அட்டைகளில் அதே சிவப்புக் கிறுக்கல், அதே கொ.2.

கங்காதரன் அலமாரிக்குப் போய் 87-ஐத் தேடினார். இல்லை. 140? இல்லை. இடைவெளி தெரியாமல் மற்ற தட்டுகளை யாரோ நெருக்கி வைத்திருந்தார்கள்.

"இருபத்து ரெண்டும் இல்லை சார். 212-ஓட சேர்த்தா இருபத்து மூணு."

ஸ்ரீரங்கன் நாற்காலியில் விழுந்தார். "இருபத்து மூணா! கண்ணை மூடிண்டு சொல்லுவேனே!"

"கண்ணை மூடிக்கினு சொன்னதுதான் தப்பா பூட்ச்சு" என்றாள் ஜெசிந்தா.

ஸ்ரீரங்கனின் கை தட்டச்சுக் கடிதத்தின் பக்கம் போயிற்று. "ஒண்ணுன்னு அடிச்சிருக்கேன். இருபத்து மூணுன்னு திருத்திக் கையெழுத்துப் போடறேன்." சுவர்க் கடிகாரம் நாலு பதினாறு காட்டியது. மஹதி உதட்டைக் கடித்துக்கொண்டு அட்டைகளை வரிசைப்படி அடுக்கிக்கொண்டிருந்தாள். துக்கத்திலும் 140-க்கு முன்னால் 87 வரவேண்டும் அவளுக்கு.

கங்காதரனுக்கு, நாற்பது புடவையைப் பிரித்துக் காட்டி, வந்த அம்மாள் செருப்பைத் தேடுகிற நேரத்து முகம்.

அப்போது கோமளம் மாமி தாம்பூலத் தட்டோடு வந்து, நோட்டைப் புரட்டினாள். "சுண்டல் ஆயாச்சு. தாம்பூலம்தான் பாக்கி."

ஜெசிந்தா நோட்டை எட்டிப் பார்த்தாள். மத்தியானம் குறித்தது தெரிந்தது: ஜெ.1.

"இன்னா மாமி இது, ஜெ ஒண்ணு?"

"ஜெசிந்தா, ஒரு பொட்டலம். முழுசா எழுத யாருக்கு முடியறது?"

ஜெசிந்தா எழுத்தைப் பார்த்தாள். சிவப்பு. மாமியின் கையைப் பார்த்தாள். கட்டைவிரல் நீளத்துக்குச் சிவப்புப் பென்சில். பிறகு கொலுவைப் பார்த்தாள். கங்காதரன் ஜாடையில் உட்கார்ந்திருந்த செட்டியாரைப் பார்த்தாள்.

"மாமி, எனக்கு இந்த சாங்கியமெல்லாம் தெரியாது. அந்த ரெண்டாம் படிக்கு உள்ளே இன்னா கீது?"

"பிளேட்டு" என்றாள் மாமி.

"இன்னா பிளேட்டு?"

"இவரோட பாட்டு பிளேட்டுதான். போன வருஷம் அந்த மரப்பெட்டி அமுங்கி, செட்டியார் கடையோட குப்புற விழுந்தார். முட்டுக் குடுக்க என்ன இருக்குன்னு பார்த்தேன். பிளேட்டை நிக்க வெச்சு அடுக்கினா உயரம் கச்சிதமா இருந்தது. சி.டி. வந்தாச்சுன்னா பழசை யார் கேக்கறா? அதுகளா பொறுக்கி எடுத்து உள்ளே வெச்சேன்." இழுப்பறையின் அறிவிப்பைச் சுட்டினாள். "எடுத்தா எழுதணும்னு போட்டிருக்கே. எழுதினேனே! கொலு, ரெண்டாம் படி."

ஸ்ரீரங்கன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"கோமளம்!" ஸ்ரீரங்கனுக்குக் குரல் கிறீச்சிட்டது. "நாலு நாளா தட்டு காணும், தட்டு காணும்னு கத்தறேனே! வாயைத் திறந்தாயா?"

"நான் என்னத்தைக் கண்டேன்? முப்பது வருஷமா அதை பிளேட்டுன்னுதானே சொன்னேள்! இந்தப் பொண்ணு வந்து எல்லாத்தையும் நல்ல தமிழ்ல எழுதினப்புறம் தட்டுங்கறேள். நான் உங்க சாப்பாட்டுத் தட்டுன்னு நினைச்சேன். பேர் வெட்டின எவர்சில்வர் தட்டு. அதுவும்தான் காணும்! நாலு நாளா அடுக்களையைப் புரட்டிண்டிருக்கேன்."

கங்காதரனுக்கு உயிர் வந்தது. ஒரு கேஸ் கைநழுவிப் போனால் என்ன, பக்கத்திலேயே இன்னொன்று! மேஜைக்குப் போய், கோந்து காய்ந்த தட்டைத் தூக்கி, நகத்தால் சுரண்டினார். அடியில் புள்ளிப் புள்ளியாக எழுத்து தெரிந்தது: ஸ்ரீ.

"மாமி, உங்க தட்டு கிடைச்சாச்சு" என்று கம்பீரமாக அவள் கையில் கொடுத்தார். "குற்றவாளி உங்க வீட்டுக்காரர்தான். கோந்து குழைச்சிருக்கார்."

"விட்டுக் குடுக்க மாட்டியே சார்!" என்றாள் ஜெசிந்தா.

ஸ்ரீரங்கன் கொலுப் பக்கம் பாய்ந்தார். மாமி குறுக்கே நின்றாள். "விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வெச்சு, மறுநாள்தான் கலைக்கணும். அதுவரைக்கும் ஒரு பொம்மை அசையப்படாது."

"விஜயதசமி காலம்பற நான் 212 போடணுமே!"

"212-அ இருக்கே மாமா" என்றாள் மஹதி மெதுவாக. "அதே நாலு. மேல ரெண்டு."

"கண்ணால பார்க்காம நான் எப்படி..."

ஜெசிந்தா அதற்குள் தரையில் படுத்து, படிமேல் போர்த்திய வேட்டியின் ஓரத்தைத் தூக்கி, பெட்டியின் இடுக்கில் ஒற்றைக் கண்ணை வைத்தாள். "ஆ... லங்... காடு. சகோ... அப்புறம் தெரியல, தூசி. நிமிர்ந்து நின்னுக்கினு கீறாங்க சார் ரெண்டு பேரும். செட்டியாரைத் தூக்கிக்கினு."

நாலு இருபத்து மூன்று.

ஸ்ரீரங்கன் புதுத் தாளை எடுத்தார். பேனாவைத் திறந்தார். 'மஹதி என்னும் இவர் மூன்று மாதம் ஒழுங்காக வேலை பார்த்தார்' என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடப் போனார்.

கங்காதரன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நில்லுங்க சார். நாலு நாள் அழவிட்டிருக்கீங்க. அளந்து கிழிச்சுக் குடுத்தா எப்படி? மேல ரெண்டு வரி போடுங்க."

"என்ன வரி?"

"தனக்கு ஆதாயமா இருந்தாலும் தப்பான பதிவை ஒத்துக்க மாட்டார்னு ஒண்ணு."

எழுதினார். "இன்னொண்ணு?"

"நம்பர் போடற சண்டையில அவர் சொன்னதே சரின்னு ஒண்ணு."

பேனா நின்றது. பதினெட்டு நாள் சண்டை அந்த முனையில் தொங்கியது. ஸ்ரீரங்கன் கடிகாரத்தைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார், மாமி கையில் இருந்த கோந்துத் தட்டைப் பார்த்தார். எழுதினார். கையெழுத்துப் போட்டபோது நாலு இருபத்தெட்டு.

மஹதி கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தாள். ஒரு எழுத்துப்பிழையைச் சொல்லலாமா என்று வாயெடுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக விட்டுவிட்டாள்.

"மாமா, அந்த டைப் அடிச்ச லெட்டர்? இது மறுபதிப்பு, கொ.2. அசல் வெளியில திரியப்படாது."

மேஜையில் அது இல்லை. எல்லோரும் தேடினார்கள்.

வாசற்படியில் ஜெசிந்தா டி.வி.எஸ்.ஸை உதைத்துக்கொண்டிருந்தாள். கையில் கூம்பு மடித்த காகிதம், அது நிறையச் சுண்டல். கூம்பின் வெளிப்பக்கம் 'திருடி' என்ற வார்த்தை எண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தது.

"முதல் பதிப்பு எங்கிட்ட கீது" என்றாள் வாய் நிறைய. "உப்புதான் கொஞ்சம் தூக்கல்."